கருணைக்கொலை: இந்தியச் சட்ட வரலாறு

தீரா நோயுற்று இறப்பை நெருங்கிவிட்ட ஒருவரின் துன்பத்தை நீட்டிக்காமல் அவரது மரணத்திற்கு வழிவிடுவதும், மருத்துவத்தின் துணைகொண்டு அதை விரைவுபடுத்துவதும் கருணைக்கொலை எனப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. நச்சு ஊசி போன்றவற்றால் மருத்துவரே உயிரைப் போக்குவது செயல்வழிக் கருணைக்கொலை என்றும், செயற்கைச் சுவாசக் கருவி முதலிய உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதோ தொடங்காமல் விடுவதோ செயலறு கருணைக்கொலை என்றும், மருத்துவர் தந்த மருந்தை நோயாளி தாமே உட்கொண்டு இறப்பது மருத்துவர் துணையுடனான தற்கொலை என்றும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் செயலறு கருணைக்கொலை மட்டுமே இந்தியாவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. அதுவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்ததன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது.

இந்த விவாதத்தில் பழைய மரபுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சமணரின் சல்லேகனை அவற்றுள் முதன்மையானது. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் நோன்பிருந்து இறந்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியருக்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, அந்த வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியிருந்ததற்குச் சான்றாகும். இந்த நோன்பைத் தற்கொலைக்கு நிகரானது என்று 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடைசெய்ய, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எனினும் துறவு மரபில் வந்த நோன்பும், தீவிர சிகிச்சைப் பிரிவில் உணர்விழந்து கிடப்பவரின் நிலையும் ஓரளவுக்கு மேல் ஒப்பிடத்தக்கவையல்ல.

சட்டப் போராட்டம் நோயாளிகளை முன்னிட்டுத் தொடங்கவில்லை என்பது வியப்புக்குரியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு செல்லாது என 1994ஆம் ஆண்டு ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மருமகளின் தற்கொலைக்குத் தூண்டுதலாக இருந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த கியான் கவுர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1996இல் அக்கருத்தை மாற்றி, அரசமைப்பின் 21ஆம் கூறு அளிக்கும் வாழ்வுரிமையில் சாகும் உரிமை அடங்காது எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் இயற்கையான இறப்பு தொடங்கிவிட்ட நிலையில் கண்ணியத்துடன் இறப்பது வாழ்வுரிமையின் பகுதியே என்று அத்தீர்ப்பு சொல்லிச் சென்றது. பின்னாளைய தீர்ப்புகள் யாவும் அந்தக் கருத்தைப் பற்றியே வளர்ந்தன.

பொதுமக்கள் கவனத்திற்கு இவ்விவாதத்தைக் கொண்டுவந்தது அருணா ஷான்பாக் வழக்கு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவர் 1973 நவம்பரில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு, மூளைக்கு உயிர்வளி செல்லாமல் பாதிப்புற்று, அதே மருத்துவமனையில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி வேண்டி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த மனுவை, நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு 2011 மார்ச் 7 அன்று தள்ளுபடி செய்தது. இத்தனை ஆண்டுகள் அவரைப் பேணிவந்த மருத்துவமனைப் பணியாளர்களே அவருக்காகப் பேசத் தக்கவர்கள் என்றும், அவர்கள் அவர் வாழவேண்டும் என்றே விரும்புகிறார்கள் என்றும் நீதிமன்றம் கருதியது. மனு தோற்றாலும், உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் செயலறு கருணைக்கொலையை அனுமதிக்கலாம் என்ற நெறி அதே தீர்ப்பில் பிறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார்.

அருணா வழக்கின் தீர்ப்பு கியான் கவுர் தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற ஐயம் எழுந்தது. எனவே, ‘காமன் காஸ்’ அமைப்பு இதே பொருள் குறித்து 2005இல் தொடுத்த வழக்கைத் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014இல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா உள்ளிட்ட ஐவர் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்துடன் இறப்பதை அடிப்படை உரிமையாக அறிவித்ததோடு, வாழும்போதே எழுதும் உயிலையும் ஏற்றனர். தாம் நினைவிழந்து மீளமுடியாத நிலையை அடைந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம், யார் தமக்காக முடிவெடுக்கலாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே பதிவுசெய்யும் ஆவணம் இது. சட்ட ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு 196ஆம் அறிக்கை இத்தகைய ஆவணம் செல்லாது என்றே பரிந்துரைத்திருந்தது.

கொடுத்த உரிமையை 2018 தீர்ப்பு வகுத்த நடைமுறையே முடக்கியது. உயிலில் நீதித்துறை நடுவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. அதைச் செயற்படுத்த மருத்துவமனைக் குழுவும், பின்னர் மாவட்ட ஆட்சியர் அமைக்கும் குழுவும் ஆராய வேண்டியிருந்தது. குழு வல்லுநர்கள் இருபதாண்டு அனுபவம் உடையவர்களாக இருக்க வேண்டியிருந்தது. இறுதியில் நடுவர் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்தது. தீவிர சிகிச்சை மருத்துவர்கள் முறையிட்டதன்பேரில் 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு இதை எளிதாக்கியது. நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பம் போதுமானதாயிற்று. வல்லுநர்களுக்கு ஐந்தாண்டு அனுபவம் போதும் என்றும், குழுக்கள் இயன்றவரை 48 மணி நேரத்தில் முடிவுகூற வேண்டும் என்றும், நடுவருக்குத் தகவல் தெரிவித்தாலே போதும் என்றும் விதிகள் தளர்ந்தன.

எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது, வறுமையும் குடும்ப நெருக்கடியும் விருப்பத்தைத் திரித்துவிடும் என்பதாகும். விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் 2010இல் செய்தியான தலைக்கூத்தல் இதற்கு எளிதில் மறுக்கமுடியாத சான்று. படுத்த படுக்கையான முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மிகுதியாகப் புகட்டி இறக்கச்செய்யும் இவ்வழக்கத்தில் முதியவரின் இசைவு கேட்கப்படுவதில்லை. ஆனால் இசைவை எழுத்தில் பெற்று, இரண்டு குழுக்கள் ஆராயும் முறையை இதனோடு ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. வலிதணிப்புச் சிகிச்சை எல்லோருக்கும் கிட்டாத நாட்டில், இறக்கும் உரிமையைவிட வலியின்றி இருக்கும் உரிமையே முதலில் வேண்டும் என்னும் வாதமோ இருதரப்பாரும் ஏற்கத்தக்கது.

கர்நாடக அரசு 2025 ஜனவரியில் மேற்கண்ட குழுக்களை அமைக்க ஆணை பிறப்பித்தது. ஆயினும் மற்ற இரு வகைகளும் குற்றமாகவே நீடிக்கின்றன: நோயாளி கேட்டுக்கொண்டாலும் நச்சு ஊசி செலுத்தும் மருத்துவர், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின்படி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்கும், மருந்தைக் கையில் தருபவர் தற்கொலைக்கு உடந்தையான குற்றத்திற்கும் ஆளாவர்.