சங்காயம்: எறிந்த மீன் சரக்கான வரலாறு

இராமேசுவரம், மண்டபம் பக்கத்து இறங்குதளங்களில் விசைப்படகு கரை வந்ததும் முதலில் இறங்குவது இறால். அடுத்து நண்டு, கணவாய், பிறகு குழம்புக்கு ஆகிற மீன். எல்லாம் ஏலம் போனபின் தரையில் ஒரு குவியல் மிஞ்சியிருக்கும். விரல் நீளக் காரல், நவரைக் குஞ்சு, ஒடிந்த நண்டுக்கால், நசுங்கிய சிப்பி. 2001 முதல் பிடிக்கவே கூடாது என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் கடற்குதிரையும் சில நேரம் அதில் கிடக்கும். ஐஸ் படாத மீன் அது, மண்வெட்டியால் அள்ளுவார்கள். பாக் விரிகுடாப் பக்கம் இதற்குச் சங்காயம் என்று பெயர். வடக்கே, சோழமண்டலக் கரையில் கழசல் என்பார்கள்.

எந்த மீனும் பிறக்கும்போதே கழிவாகப் பிறப்பதில்லை. உப்பின் விலை, ஐஸின் இருப்பு, சந்தையின் தேவை ஆகியவைதான் ஒரு மீனை உணவு என்றோ கழிவு என்றோ பிரிக்கின்றன. கடந்த 150 ஆண்டுகளில் அந்தக் கோடு எப்படி நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீணாகும் மீனைக் காசாக்கினால் வீணாவது குறையும் என்ற நம்பிக்கை இந்தக் கரையில் பொய்த்துவிட்டது.

விசைப்படகுக்கு முந்தைய காலத்தில் மீன் வீணானது பெரும்பாலும் கரைக்கு வந்த பிறகுதான். கட்டுமரமும் கரைவலையும் கொண்டுவந்ததை அன்றே விற்கவேண்டும், விற்காதது கருவாடு. கருவாட்டுக்கு உப்பு வேண்டும், உப்புக்கோ வரி. இராணுவ மருத்துவராக வந்து இந்திய மீன்களை வகைப்படுத்திய பிரான்சிஸ் டே, 1873இல் வெளியான தம் அறிக்கையில் இந்தக் கொடுமையைப் பதிவு செய்தார். உப்பு வாங்க வழியில்லாதவர்கள் உப்பு மண்ணைப் பூசியும் வெறும் வெயிலில் போட்டும் மீனைக் காயவைத்தார்கள். பாதி அழுகியதையே தின்றார்கள். பின்னர் சென்னை மாகாணத்தில் வரியில்லா உப்பு தரும் அரசு உப்பிடும் முற்றங்கள் வந்தன. உப்பு வெளியே போய்விடக் கூடாதென்று, முற்றத்துக்குள்ளேயே மீனை உப்பிடவேண்டும் என்பது விதி. கடலில் எதுவும் மாறவில்லை. அழுகிப்போன மீன், ஒரு வரிச் சலுகையால் உணவானது.

மேற்குக் கரையில் சிக்கல் வேறு. பருவத்தில் மத்தி வந்து குவிந்தால் தின்னவும் ஆளில்லை, உப்பிடவும் கையில்லை. மணலில் காய்ந்து உரமாகும். 1907இல் சென்னை மாகாண மீன்வள அமைப்பு உருவாகக் காரணமாயிருந்த சர் பிரடெரிக் நிக்கல்சன், மத்தியை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்து, சக்கையை உரமாக்கும் முறையைப் பரப்பினார். மலபார் கரையெங்கும் சிறு ஆலைகள் முளைத்தன. 1940களில் மத்தி வரத்து விழுந்தபோது மாகாண அரசே மத்தி வலைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. வீழ்ச்சிக்கு ஆலைகள்தான் காரணம் என்று நான் வாதிடவில்லை. மத்தி கூடுவதிலும் குறைவதிலும் கடலின் போக்குக்கும் பங்குண்டு. ஆனால் குஞ்சைக் காக்க வேண்டுமானால் வலையில் கைவைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது.

பெரிய திருப்பம் இறாலால் வந்தது. 1952இல் ஒப்பந்தமாகி, மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் விசைப்படகை அறிமுகப்படுத்தியது. உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியதும், 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் இறாலைத் தங்கமாக்கின. தமிழகத்திலும் அரசு மானியத்தில் விசைப்படகுகள் பெருகின. அடிக்கடலைத் துடைத்து வரும் இழுவை மடி இறாலை மட்டும் பொறுக்காது. அகப்பட்ட மற்ற மீனுக்குப் படகில் இடமில்லை, ஐஸ் இல்லை. செத்த மீனைக் கடலிலேயே கொட்டினார்கள். மீன் தலையைக் குழம்பிலும் சினையைப் பொரியலிலும் விடாமல் சேர்க்கும் சமையல் நம்முடையது. அந்தக் கரையில் இது நடந்ததை நினைத்தால் வலிக்கிறது.

பிறகு கோழி வந்தது. நாமக்கல் பண்ணைகளின் தீவனத்துக்கு உலர்த்திய சங்காயம் தேவைப்பட்டது. 2009க்குப் பின் வனாமி இறால் வளர்ப்புப் பரவ, மீன்தூளுக்கான தேவை மேலும் ஏறியது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். நாள்கணக்கில் தங்குகடல் போகும் படகுகள் கடைசிப் பாடுகளில், அதாவது வலை இழுப்புகளில், விழும் பொடிமீனைக் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவந்தன. எறிவது நின்றது, ஏட்டில் பார்த்தால் வெற்றி.

உண்மை வேறு. ஆரன் சாவியோ லோபோவும் உடன் ஆய்வாளர்களும் சோழமண்டலக் கரையை ஆராய்ந்து 2010இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. இறால் குறைந்து நட்டம் வந்ததும் படகுகள் நின்றிருக்க வேண்டும். கழசலின் விலை அவற்றைத் தொடர்ந்து ஓடவைத்தது. முன்பு தற்செயலாக அகப்பட்ட குஞ்சு இப்போது டீசல் காசு. நாளை கிலோ கணக்கில் நிற்கவேண்டிய மீன் இன்று தூளாகிறது. கருவாட்டுக்காரிக்கும் காரல் வாங்கும் ஏழை வீட்டுக்கும் போகவேண்டியதை ஆலை எடுத்துக்கொள்கிறது. கடலில் எறிவதைவிட இதை நான் பெரிய வீணாகக் கருதுகிறேன், ஏனென்றால் இதற்கு லாபம் இருக்கிறது.

சட்டம் பெரும்பாலும் இடத்தையும் நாளையும்தான் பார்த்தது. தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. 2001இல் 45 நாளாக வந்த மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 61 நாளானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் தடைக்காலத்தில் பொரித்த குஞ்சு ஜூன் 15 அன்று பெரும்பாலும் குஞ்சாகவே இருக்கும், மடியோ பழைய மடி. கேரளம் 2015இல் மீனின் அளவையே சட்டமாக்கியது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடித்தால் குற்றம்.

தீர்வின் பெரும்பகுதி மடியின் கடைக்கோடியில் இருக்கிறது. வழக்கமான மடியின் கண்கள் சாய்சதுரம். மீன் நிறைந்து இழுபடும்போது அவை நீண்டு மூடிக்கொள்ளும், விரல் அகல மீனும் வெளியேறாது. அதே நூலைச் சதுரக் கண்ணாகக் கட்டினால் இழுவையிலும் திறந்தே நிற்கும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை நெடுநாளாகப் பரிந்துரைக்கிறது. குஞ்சை வெளியேற்றி இறாலைத் தனியே பிரிக்கும் அதன் கருவி 2005இல் பன்னாட்டுப் பரிசும் பெற்றது. படகுக்காரர் தயங்குவதற்குக் காரணம் அறியாமையல்ல. சங்காயக் காசு போனால் அந்தப் பாட்டின் செலவை யார் தருவார் என்ற கேள்வி. விசைப்படகுக்கு வரியில்லா டீசல் தருகிற அரசு, சதுரக் கண் மடிக்கு மாறும் படகுக்கு முதல் இரண்டு பருவங்களின் சங்காய இழப்பையும் ஈடுகட்ட வேண்டும்.