குள்ளப் போசம்

குள்ளப் போசம் என்பது ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் வாழும் மிகச் சிறிய பைப்பாலூட்டி. இந்தக் குடும்பத்தில் இன்று ஐந்து இனங்கள் உள்ளன. டாஸ்மேனியா, கங்காரு தீவு முதலிய தென்பகுதிகளில் வாழும் சிறு குள்ளப் போசம் சுமார் 7 கிராம் எடைதான் இருக்கும். உலகப் போசங்களில் இதைவிடச் சிறியது இல்லை. குடும்பத்தில் பெரியதான மலைக் குள்ளப் போசமே சுமார் 45 கிராம்தான் இருக்கும்.

பார்த்தவுடன் சுண்டெலி என்றே தோன்றும். வீட்டுப் பூனை கவ்விக்கொண்டு வந்ததை எலி என்று தூக்கியெறியப் போய், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வாலையும் பெரிய கண்களையும் கவனித்த பிறகே பலருக்கு உண்மை விளங்குகிறது. கிழக்குக் கரையோரக் காடுகளில் வாழும் இனம் பாங்க்ஸியா, யூகலிப்டஸ் மரங்களின் பூக்களில் தேனும் மகரந்தமும் தின்னும், பூச்சிகளையும் விடாது. இரவில் நடமாடும் விலங்கு என்றாலும், டார்ச் அடித்துத் தேடுவோர் கண்ணில் எளிதில் படாது. ஆகவே ஆய்வாளர்கள் தரையில் வாளிகளைப் புதைத்துக் குழிப்பொறி வைக்கிறார்கள்; மரங்களில் கூட்டுப்பெட்டி கட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு இது எதிர்ப்படுவதெல்லாம் தற்செயலாகத்தான்: விறகு பிளக்கும்போது பொந்துக்குள், கைவிடப்பட்ட பறவைக்கூட்டில், உரிந்து தொங்கும் மரப்பட்டையின் அடியில்.

அப்படி அகப்படுவது பெரும்பாலும் செத்ததுபோல் இருக்கும். குளிரிலும் உணவில்லாத காலத்திலும் இது பந்தாகச் சுருண்டு, உடல் வெப்பத்தைச் சுற்றுப்புற அளவுக்கே தாழ்த்திக்கொள்ளும். தொட்டால் சில்லென்று இருக்கும். மூச்சு விடுவதே தெரியாது. ஆய்வுக்கூடத்தில் கிழக்கு இனத்துப் போசம் ஒன்று, உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை மட்டுமே நம்பி 367 நாட்கள் உறக்கநிலையில் கழித்ததை ஃபிரிட்ஸ் கைசர் 2007இல் பதிவு செய்தார். இடையிடையே விழித்தாலும் அது எதுவும் உண்ணவில்லை.

மனிதர் இவ்விலங்கை எதிர்கொண்ட கதைகளில் மலைக் குள்ளப் போசத்தின் கதையே வியப்பானது. நியூ சவுத் வேல்ஸின் வோம்பியன் குகைகளில் கிடைத்த புதைபடிவத்தைக் கொண்டு ராபர்ட் புரூம் 1890களில் இந்த இனத்தை விவரித்தார். அழிந்துபோன விலங்கு என்றே அறிவியல் உலகம் எழுபது ஆண்டுகள் எண்ணியிருந்தது. 1966இல் விக்டோரியாவின் ஹாத்தம் மலையில் ஒரு பனிச்சறுக்குக் குடிலுக்குள் அது உயிரோடு பிடிபட்டது. தேடிப் போன எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும், அதுவாகவே வந்து சேர்ந்தது என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

உயர்மலைப் பாறைக்குவியல்களில் மட்டுமே வாழும் இந்த இனம், பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கும். வசந்தத்தில் சமவெளிகளிலிருந்து பல நூறு கிலோமீட்டர் பறந்து வரும் போகாங் அந்துப்பூச்சிகளே இதன் முக்கிய உணவு. 2017க்குப் பிந்தைய வறட்சியில் அந்த வரத்து சரிந்தபோது, பல தாய்களின் பையில் இருந்த குட்டிகள் பிழைக்கவில்லை. இதற்கு முன்பே பனிச்சறுக்கு விடுதிகளும் சாலைகளும் பாறைவெளிகளைத் துண்டாடியிருந்தன. ஹாத்தம் பகுதியில் ஆண்கள் உச்சியில் வாழும் பெண்களை அடைய முடியாமல் சாலை குறுக்கிட்டதால், 1980களில் அதற்கு அடியில் பாறைகள் நிரப்பிய சுரங்கவழி ஒன்று அமைத்தார்கள். ‘காதல் சுரங்கம்’ என்று செல்லப்பெயர் பெற்ற அதை ஆண் போசங்கள் விரைவிலேயே பயன்படுத்தத் தொடங்கின. சாலை போடுமுன்பே இதை யோசித்திருக்கலாம்.

கங்காரு தீவில் 2019–20 காட்டுத்தீ ஏறத்தாழப் பாதித் தீவை எரித்தது. அங்கே சிறு குள்ளப் போசம் மிஞ்சியிருக்குமா என்ற ஐயம், 2020இன் இறுதியில் கணக்கெடுப்பில் ஒன்று அகப்பட்டபோது தீர்ந்தது.

காட்டிலோ விறகுக் கட்டிலோ சுருண்டு கிடக்கும் ஒன்றைக் கண்டால் அது இறந்துவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. அடுப்பருகே வைத்து எழுப்பவும் கூடாது. ஒவ்வொரு விழிப்பும் சேமித்த கொழுப்பைக் கரைக்கும். காயம் இல்லையென்றால் கிடைத்த இடத்திலேயே மறைவாக விடவேண்டும். பூனை கடித்திருந்தால், சிறு கீறலாயினும், உடனே வனவிலங்கு மீட்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.