தொடாமல் தொடும் மூளை: ஆரணிப் பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆரணிக் கடையில் புடவை எடுக்க வருபவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். அடுத்த நொடியே முந்தியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கிறார். அதே புடவையைக் கைப்பேசியில் பார்ப்பவரும், “நல்ல கனமா இருக்கும் போல” என்கிறார். அவர் விரல் தொட்டதோ வெறும் கண்ணாடியை. கனம் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?

தொடுதலைக் கற்பனை செய்யும்போது மூளையில் என்ன நடக்கிறது, அந்தக் கற்பனையின் எல்லை எது என்ற இரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியின் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள நெசவும் வணிகமும் இந்த ஆய்வுக்கு உரைகல்லாகின்றன.

1. தோல் அனுப்பும் செய்தி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது உற்றறிவையே முதலாவதாக வைக்கிறது. தொடுபுலன் அத்தனை அடிப்படையானது. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகச் சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் உண்டு என்று 1979-ல் ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்போவும் கணக்கிட்டனர். அவற்றுள் சில அழுத்தத்தையும் விளிம்பையும் உணர்கின்றன. சில தோல் இழுபடுவதையும், சில அதிர்வையும் உணர்கின்றன.

நுண்ணிய நயத்தை அறிவதற்கு அதிர்வே முக்கியம். விரல் அசைந்தால்தான் அதிர்வு பிறக்கும். புடவை வாங்குபவர் விரலை வைத்துவிட்டுச் சும்மா இராமல் தேய்ப்பது இதனால்தான். கச்சாப் பட்டிழையின் மேல் செரிசின் என்ற பசை படிந்திருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை நீக்கும்போது இழையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். கொதிநீரில் இறங்குமுன் விறைத்துச் சொரசொரத்த சிட்டம் (நூற்கட்டு), வெளியே வந்து உலர்ந்தபின் கையில் நில்லாமல் வழுக்குகிறது. இந்த மாற்றத்தை விரல் அதிர்வின் வேறுபாடாக அறிகிறது.

2. மூளைக்குள் ஒரு கை

விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் புறணியை மாண்ட்ரியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார். யாரும் தொடாமலே அவர்களுக்குக் கையும் உதடும் குறுகுறுத்தன. அந்தப் பதிவுகளைத் தொகுத்து, 1937-ல் அவரும் போல்ட்ரியும் மூளையின் உடல்வரைபடத்தை வெளியிட்டனர். அதில் முதுகுக்குச் சிறிய இடம். கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கை இழந்தவர்களை ஆராய்ந்தார். அவர்களில் சிலருக்குக் கன்னத்தைப் பஞ்சால் வருடியபோது, இல்லாத கையின் விரல்களிலும் வருடல் தெரிந்தது. வரைபடத்தில் முகத்தின் பகுதி கையின் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதையே அவர் இதற்குக் காரணமாகக் காட்டினார்.

இந்த வரைபடம் பயிற்சியாலும் மாறுகிறது. வயலின் போன்ற நரம்புக் கருவிகளை வாசிப்பவர்களின் இடக்கை விரல்களுக்கு மூளையில் இடம் விரிந்திருப்பதையும், இளமையில் பழகியவர்களிடம் அது கூடுதலாக இருப்பதையும் 1995-ல் எல்பர்ட் குழு கண்டது. சிறுவயதில் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றத் தொடங்கிய நெசவாளரின் விரலுக்கும் இதையே எதிர்பார்க்கலாம்.

3. கற்பனைத் தொடுதல்

கையை மென்மையாக வருடுவதாக மனத்தில் நினைக்கச் சொல்லி எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. உண்மையான தொடுதலின்போது இயங்கும் உடலுணர்வுப் புறணியின் சில பகுதிகள், வெறும் நினைப்பிலும் இயங்கின. ஆக, தொடுதலைக் கற்பனை செய்வதற்கென மூளை தனி அறை கட்டவில்லை. உணரும் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. உண்மைத் தொடுதலில் செய்தி தோலிலிருந்து மேலேறுகிறது. கற்பனையில் அது நினைவிலிருந்து கீழிறங்குகிறது. அதனால்தான் கற்பனை மங்கலாக இருக்கிறது.

கண்ணும் இதில் பங்கேற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ரப்பர்க் கையையும் மறைத்து வைத்த சொந்தக் கையையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், ரப்பர்க் கையே தன் கை என்று பலருக்குத் தோன்றும். இதை 1998-ல் போட்வினிக்கும் கோஹனும் காட்டினர். கைப்பேசியில் புடவை பார்ப்பவருக்கும் கண்ணே வழிகாட்டி. மடிப்பு எப்படி விழுகிறது, ஜரிகையில் ஒளி எப்படி உடைகிறது என்பதை அது கொடுக்கிறது. கனத்தை நினைவு சேர்க்கிறது.

4. தறிக்குழியில் எதிர்பார்ப்பு

மிதியை மிதித்தால் நீளவாக்கில் ஓடும் பாவு பிரிகிறது. கயிற்றை இழுத்தால் குறுக்கிழையான ஊடையைச் சுமந்த நாடா பாய்கிறது. அச்சு வந்து ஊடையை அடிக்கிறது. பழகிய நெசவாளர் இவை ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருப்பதில்லை. கவனித்தால் வேலை ஓடாது. தன் அசைவால் விளையும் உணர்வை மூளை முன்கூட்டியே கணித்து அடக்கிவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததற்கும் இதுவே காரணம்.

கணிப்பு பிசகும் இடத்தில்தான் கை நிற்கிறது. இழை அறுந்தாலோ நாடா தட்டினாலோ, கண் தேடுமுன் கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும். பாவு பிணைக்கும்போதும் அப்படித்தான். சாம்பல் தொட்ட விரல்கள் பழைய இழையோடு புதிய இழையைச் சேர்த்து முறுக்க, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். முறுக்கு பிடிக்காத இழையில் மட்டும் பேச்சு அறுபடும். தொழில் பழகிய கையின் கற்பனை என்பது இந்த எதிர்பார்ப்பே.

5. கற்பனையின் எல்லை

ஆரணிக்கு அண்டையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைப்புண்கள் பெரும்பாலும் உணர்விழப்பால் நேர்பவை என்று கண்டறிந்தார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது தொழுநோயுற்ற ஒரு சிறுவன் எளிதாகத் திறந்ததையும், அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சாவி அழுத்தினால் வலிக்கும் என்ற அறிவு மட்டும் கையைக் காக்காது. நினைவால் தொடுதலை மீட்க முடியும். தொடுதலின் வேலையைச் செய்ய முடியாது.

முடிவுரை

தொடுதலைக் கற்பனை செய்யும் மூளை, கை முன்பு ஈட்டியதையே எடுத்துச் செலவிடுகிறது. பட்டைத் தொட்டவருக்குப் படம் போதும். தொடாதவருக்கு எத்தனை தெளிவான படமும் நிறத்தோடு நின்றுவிடும். எனவே பட்டுக் கண்காட்சி வைப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பசை நீக்காத சிட்டம் ஒன்றையும் நீக்கிய சிட்டம் ஒன்றையும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். “தொடாதீர்கள்” என்ற பலகை அங்கே வேண்டாம்.