அஞ்சுவண்ணக் கரையும் கொச்சியின் கபாலா ஞானியும்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், தொண்டிக்கு முன்பாகத் தீர்த்தாண்டதானம் வரும். அவ்வூரின் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு கடல் வணிகக் குழுக்களின் பெயர்களைச் சொல்லும்போது மணிக்கிராமத்தோடு அஞ்சுவண்ணத்தையும் குறிக்கிறது. இதே சொல் அதற்கு ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள் முன்பே மேற்குக் கரையில் யூதர் ஒருவரின் பெயரோடு சேர்ந்து வருகிறது. சேர அரசன் பாஸ்கர ரவி, ஈசுப்பு இறப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ண உரிமையையும் பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலான 72 சிறப்புகளையும் வழங்கிய செப்பேடு அது. எபிரேய மொழியில் யோசேப் ரப்பான் எனப்படும் அவருக்குக் கொடுத்த பட்டயம் வட்டெழுத்தில் இருக்கிறது.

இதை வைத்து நம் கரையிலும் யூதர் இருந்தனர் என்று உடனே முடிவுகட்டுவது அவசரம். தொடக்கத்தில் மேற்காசிய வணிகர் பலரைத் தழுவிய அஞ்சுவண்ணம், 13ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் முஸ்லிம் வணிகரையே குறித்தது. ஆனாலும் சரக்கும் சொல்லும் இரு கரைகளுக்கும் இடையே ஓடிய பாதை ஒன்றுதான். அந்தப் பாதையின் மேற்கு முனையில் மிளகோடு சேர்ந்து சமய அறிவும் இறங்கியது.

அப்போது அந்த அறிவு எவ்வளவு இருந்தது? சுமார் 1170இல் எழுதிய யூதப் பயணி துதேலா ஊர் பெஞ்சமின், கொல்லத்து யூதர்களுக்கு மோசேயின் சட்டம் தெரியும், அதன் விளக்கத் தொகுப்பான தல்மூத் கொஞ்சம்தான் தெரியும் என்கிறார். கொல்லத்தை அவர் நேரில் பார்த்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. அதே காலத்தில் கெய்ரோவில் இருந்த மாபெரும் சட்ட அறிஞர் மைமோனிடிஸின் தம்பி டேவிட், வணிகப் பயணத்தில் இந்தியக் கடலில் மூழ்கி இறந்தார். அந்தத் துயரில் அண்ணன் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வணிகமும் கல்வியும் ஒரே குடும்பத்துக்குள் பங்கு போட்டுக்கொண்ட உலகம் அது.

1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியதும் நிலைமை மாறியது. அப்படி வெளியேறிய சிறுவர்களில் ஒருவரான டேவிட் இப்ன் சிம்ரா, பின்னாளில் எகிப்திய யூதர்களின் தலைமைச் சட்ட அறிஞரானார். அவரே கபாலா என்னும் யூத மறைஞானத்திலும் தேர்ந்தவர். சஃபேதில் கபாலாவைப் புதுப்பித்த ஐசக் லூரியா (1534–1572) அவரிடம் பயின்றவர். கொச்சியிலிருந்து இப்ன் சிம்ராவுக்கு ஒரு வினா போனது. வம்சாவளி யூதர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், மற்றவர்களை அடிமைகளின் வழிவந்தோர் என்று ஒதுக்கி மண உறவை மறுக்கிறார்கள், இது சரியா? முறைப்படி நீராடி விடுதலையும் பெற்றவர்கள் முழு யூதர்களே, அவர்களோடு மணம் செய்யத் தடையில்லை என்று விடை வந்தது. கொச்சி அதைக் கேட்கவில்லை. சாதி என்பது நம் மண்ணில் எந்தச் சமயத்தின் சட்டப் புத்தகத்தையும் விட வலுவானது போலும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் அந்த விலக்கு 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் கொச்சியின் கபாலா ஞானி நெகேமியா மோத்தாவைப் பார்க்க வேண்டும். ஏமனிலிருந்து வந்தவர் என்கிறார்கள் சிலர், இத்தாலி என்கிறார்கள் வேறு சிலர். உறுதியாகக் கிடைப்பது மட்டாஞ்சேரியில் உள்ள அவரது கல்லறைக் கல். ஆபிரகாம் மோத்தாவின் மகன், கபாலா அறிஞர் என்று குறிப்பிட்டு, இறந்த நாளையும் தருகிறது: யூத ஆண்டு 5376, கிஸ்லேவ் மாதம் 25. அதாவது 1615 டிசம்பர், ஹனுக்கா விளக்குத் திருநாளின் முதல் நாள். அவர் எபிரேயத்தில் இயற்றிய பாடல்கள், கொடுங்கல்லூரின் யூதப் பெயரான ‘சிங்கிலி’யைத் தாங்கிய வழிபாட்டு மரபில் இடம்பெற்றன. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரெய்ரா தெ பைவாவின் அறிக்கைக்குப் பின் டச்சு யூதர்களோடு உறவு வலுத்தது. சிங்கிலி வழிபாட்டு நூல் 1757இல் ஆம்ஸ்டர்டாமிலேயே அச்சேறியது. முன்பு கொச்சி கேள்வி அனுப்பியது. இப்போது பாட்டு அனுப்பியது. இந்தத் திருப்பத்தை மோத்தா பற்றிய எழுத்துகள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அதைவிட வியப்பு, அவர் கல்லறைக்கு நேர்ந்தது. கபாலா கற்றோருக்கு மட்டும் உரிய நுண்கல்வி. அதில் தேர்ந்தவரின் கல்லறையிலோ யூதரோடு இந்துக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களும் நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றினார்கள். நாகூர் ஆண்டவர் தர்காவுக்குப் போகும் நம் கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. எகிப்திலிருந்து வந்த தீர்ப்பால் உடைக்க முடியாத வேலி, ஒரு கல்லறையைச் சுற்றி மட்டும் எழவேயில்லை. சுற்றியிருந்த மலபார் யூதர்களின் பழைய இடுகாடு போய், அங்கே வீடுகள் வந்துவிட்டன. கல்லறை நிற்கிறது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, சிங்கிலிப் பாடல்களும் அவர்களோடு போய் நெகெவ் பாலைவனத்தின் நெவாத்திம் குடியேற்றத்தில் இறங்கின. மெழுகுவத்தி ஏற்றும் வேலை மட்டாஞ்சேரியின் மற்ற மூன்று சமயத்தாரிடம் வந்து சேர்ந்தது.