உறையாத குருதி

உடலைவிட்டு வெளிப்பட்ட குருதி சிறிது நேரத்தில் உறைந்து கட்டியாதல் இயற்கை. அவ்வாறு உறையாதொழியின் சிறு காயமும் உயிருக்கு உலையாகும். 1920ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் கால்நடைகளுக்கு நேர்ந்த கேடு இதுவே. கொம்பு நீக்கிய பசுக்களும் நலமடித்த நாம்பன்களும் குருதி நில்லாது பெருகி மாண்டன.

ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் ஸ்கோபீல்ட் இதன் காரணத்தைத் தீவனத்திலே தேடினார். 1919இல் கொரிய மக்களின் விடுதலைக் கிளர்ச்சியைப் படமெடுத்து உலகறியச் செய்தவரும் இவரே. சுவீற் குளோவர் என்னும் தீவனப் பூண்டின் நல்ல தண்டுகளை ஒரு முயலுக்கும், பூஞ்சணம் பிடித்த தண்டுகளை மற்றொரு முயலுக்கும் ஊட்டினார். முன்னது நலமாயிருந்தது, பின்னது குருதி கசிந்து இறந்தது.

நோயை அறியும் முறையோ மிக எளியது. கழுத்து நாளத்திலிருந்து எடுத்த குருதியைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, இடையிடையே சரித்துப் பார்த்து, கவிழ்த்தாலும் ஒழுகாத நிலையை எய்தும் வரை நேரத்தைக் கணிப்பர். மனித மருத்துவத்தில் லீ, வைற் என்போர் 1913இல் இதனை ஒழுங்குபடுத்தினர். குழாயும் கடிகாரமும் இருந்தாற் போதும், மாட்டுக் கொட்டிலிலேயே செய்துவிடலாம். ஆயினும், உறைதற்குரிய பொருள்கள் பெரிதும் அருகிய பின்னரே இச்சோதனை குறைபாட்டைக் காட்டுமாதலால், அதனை முற்றாக நம்புதல் தகாது.

1933ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பனிப்புயலினூடே எட் கார்ல்சன் என்னும் விவசாயி இறந்த கிடாரியொன்றையும், கெட்டுப்போன தீவனத்தையும், உறையாத குருதி நிறைந்த பாற்கலனையும் ஏற்றிக்கொண்டு விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரை அடைந்தார். பல்கலைக்கழக இரசாயன அறிஞர் கார்ல் போல் லிங்க், அத்தீவனத்தை நிறுத்துமாறும், இயலுமாயின் நற்குருதி ஏற்றுமாறும் கூறுவதன்றி வேறொன்றும் செய்ய இயலாதவரானார். மாற்றுத் தீவனமில்லா உழவனுக்கு இவ்வறிவுரை எத்துணை ஆறுதலளித்திருக்கும்!

அப்பாற்கலன் லிங்கை விடவில்லை. 1939இல் அவரது ஆய்வுகூடம் டைகூமரோல் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தது. பூண்டிலுள்ள தீங்கற்ற கூமரின் பூஞ்சணத்தால் இந்நஞ்சாக மாறுகிறது. விற்றமின் கே-யின் தொழிலைத் தடுக்கிறது. ஈரல் உறைபொருள்களைச் சரிவர ஆக்க இயலாது போகிறது. இதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாகவும், 1954இல் மனிதர்க்கு மருந்தாகவும் புகுந்தது.

இவ்வகை எலிநஞ்சை உண்ட நாய்கள் இன்று மிருக வைத்தியரிடம் கொண்டுவரப்படுகின்றன. குருதி விரைவில் உறையுமாறு தூண்டும் பொடியிட்ட குழாயை உடற்சூட்டில் வைத்து அவர் சோதிப்பதுண்டு. நலமுள்ள நாயின் குருதி அதில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துள் உறைந்துவிடும். மிகப் பிந்துமாயின், ஏனைய சோதனைகளின் முடிவுக்குக் காத்திராமல் விற்றமின் கே கொடுக்கத் தொடங்குவார்.