அம்மனும் அம்மை ஊசியும்



சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் உருவானது. 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைதான் மரத்தாலும் அத்தாப்பாலும் முதலில் கட்டினவர். புது ஊரு, எங்கும் நோய். நோய் தீர்க்கிற தாய்னு நம்பித்தான் அம்மனைக் கும்பிட்டாங்க.

அந்தக் காலத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவாங்க. வெளியாள் உள்ளே போகமாட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வீட்டாரும் விசேஷத்துக்குப் போறதில்லை. பக்தியோடு சேர்ந்தே நோய்த் தடுப்பும் இருந்துச்சு. பிறகு அம்மை குத்துற பழக்கம் பரவி, பெரியம்மை உலகத்திலேயே ஒழிஞ்சதுன்னு 1980 மே 8-ல் அறிவிச்சாங்க. அதனால் அம்மன் மேல் பக்தி குறைஞ்சதா? ஆடி மாசக் கூட்டத்தைப் பாருங்க!

2021 தைப்பூசமும் இப்படித்தான். கோவிட் காரணமா இங்கே காவடி இல்லை, ஊர்வலம் இல்லை. டேங்க் ரோடு கோயிலே தயார் செஞ்ச பால்குடம் மட்டும், அதுவும் நேரம் பதிவு செஞ்சு. முருகனுக்குக் குறை வைக்கிறோமேன்னு பலருக்கு மனசு வலிச்சது. ஆனாலும் சுகாதார விதியைக் கோயில் ஏத்துக்கிச்சு. கோயில் சொன்னதால் பக்தர்கள் கேட்டாங்க. 2023-ல் காவடி திரும்ப வந்துச்சு.

ஆகவே கோயிலில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க மேசை போட்டிருந்தா தாண்டிப் போகாதீங்க. சாப்பாட்டு வரிசைக்கு முன்னாடி அங்கே அஞ்சு நிமிஷம் உட்காருங்க. இந்த உடம்பும் அவள் கொடுத்ததுதானே.

ஓம் சக்தி.