அப்பாவை வேலை இடத்துல போட்டோ எடுத்திருக்கீங்களா? ஆளும் தொழிலும் ஒரே ஃபிரேமில் வர என்ன செய்யணும்?

உங்க போன் கேலரியைத் திறந்து, அப்பா இருக்கிற படங்களை மட்டும் தேடிப் பாருங்க. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் அப்பா, திருச்செந்தூர் கடற்கரையில் வேட்டியை மடிச்சுக் கட்டின அப்பா, யாரோ ஊட்டின பிறந்தநாள் கேக்கோடு முழிக்கிற அப்பா... எல்லாம் இருக்கும். லேத் பட்டறையில், பஸ் ஸ்டீயரிங் பின்னாடி, மளிகைக் கடைக் கல்லாவில், அவர் ஒரு நாளில் பத்து மணி நேரம் வாழ்ற இடத்தில் எடுத்த படம் ஒண்ணாவது இருக்கா? என் போனில் ரொம்ப நாள் வரைக்கும் இல்லை. அம்மாவோட நிலைமை இன்னும் மோசம். சமையலறையில் எடுத்த ஒண்ணு ரெண்டு படத்திலும் ‘வேணாம்டி’னு முகத்தை மறைக்கிற கைதான் இருந்துச்சு.

ஒருத்தரை அவர் வேலை செய்ற, வாழ்ற இடத்திலேயே வச்சு எடுக்கிற படத்துக்கு ‘என்விரான்மென்டல் போர்ட்ரெய்ட்’னு பேர். மரம் செடி கொடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவரைச் சுத்தி இருக்கிற பொருள்களும் அவரைப் பத்திப் பேசணும், அவ்வளவுதான். இந்த வகையில் எல்லாரும் முதலில் சொல்ற பேர், அமெரிக்க போட்டோகிராபர் அர்னால்ட் நியூமன். 1946-ல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை அவர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்க. ஃபிரேமின் பெரும்பகுதியை ஒரு கிராண்ட் பியானோவின் தூக்கி நிறுத்தின மூடி அடைச்சுக்கிட்டு இருக்கும். மனுஷன் இடது ஓரத்தில், கீழே, தலையைக் கையில் சாய்ச்சபடி சின்னதா இருப்பார். அந்த மூடியோட வடிவமே இசைக் குறியீட்டில் வர்ற ‘ஃபிளாட்’ குறி மாதிரி இருக்கும். படத்தை எடுக்கச் சொன்ன ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ பத்திரிகை இதை வேண்டாம்னு ஒதுக்கிடுச்சு. இன்னிக்கு நியூமன்னு சொன்னாலே நினைவுக்கு வர்றது இந்தப் படம்தான்.

அதே நியூமன் 1963-ல் எடுத்த இன்னொரு படம், கேமரா வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத் தொழிற்சாலையில், ஆல்ஃப்ரீட் க்ரூப் என்ற தொழிலதிபரை ‘நியூஸ்வீக்’ பத்திரிகைக்காக எடுக்கப் போனார். இரண்டாம் உலகப் போரில் அடிமைத் தொழிலாளர்களை வேலை வாங்கினதுக்காக நியூரம்பெர்க்கில் தண்டிக்கப்பட்டு, 1951-ல் வெளியே வந்தவர் க்ரூப். நியூமன் ஒரு யூதர். தொழிற்சாலை பின்னணி, ரெண்டு பக்கமும் விளக்கு, கொஞ்சம் முன்னாடி சாயச் சொல்லி ஒரு கிளிக். பச்சை படிஞ்ச நிறத்தில், கன்னத்து நிழலோடு, பிசாசு மாதிரி வந்து நின்னார் க்ரூப். நியூமன் தெரிஞ்சேதான் அப்படி எடுத்தார். ஆனா, கீழிருந்து ஒரு வெளிச்சம், தப்பான கோணம்... இது ரெண்டும் போதும், ஒரு நல்ல மனுஷனையும் நாம தெரியாமலே வில்லன் ஆக்கிடலாம். கேமராவைப் பிடிக்கிறவர் கையில் அந்த அதிகாரம் இருக்கு.

தொழிலாளர்களைப் பெரிய அளவில் எடுத்தவர்களில் ரெண்டு பேரைச் சொல்லாம விட முடியாது. ஒருத்தர் ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர். விவசாயி, கொத்தனார், வக்கீல், சர்க்கஸ்காரர்னு ஒரு சமூகத்தையே வகைப்படுத்தி எடுத்தார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு ஆளோட பேர் இல்லை, தொழில்தான். 1928-ல் எடுத்த பேஸ்ட்ரி மாஸ்டர் படத்தில், தலை வழுக்கையான குண்டு மனிதர் ஒருத்தர் பாத்திரமும் கையுமா நேரா நம்மளைப் பார்ப்பார். சிரிப்பு கிடையாது. ஆனா, ‘இது என் கிச்சன்’ங்கிற கம்பீரம் அந்த நிற்கிற நிலையிலேயே இருக்கும். 1929-ல் புத்தகமா வந்த இந்தப் படங்களோட அச்சுத் தகடுகளை 1936-ல் நாஜி அரசு அழிச்சது. ஜெர்மானியர்னா எப்படி இருக்கணும்னு அவங்க போட்டு வச்சிருந்த சித்திரத்துக்குள்ள இந்த முகங்கள் அடங்கலை.

இன்னொருத்தர் இர்விங் பென். ‘வோக்’ ஃபேஷன் பத்திரிகையின் நட்சத்திர போட்டோகிராபர். 1950, 51-ல் பாரிஸ், லண்டன், நியூயார்க்னு மூணு நகரத்திலும் மீன்காரர், கசாப்புக்காரர், தெருக் கூட்டுபவர்னு பலரை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். பின்னணியில் வெறும் திரை. வேலை உடையோடும் கையில் வேலைச் சாமானோடும் வரணும், அதுதான் கண்டிஷன். பாருங்க, சூழலே இல்லாமலும் தொழிலைக் காட்ட முடியுது. ஆனா, நியூயார்க்கில் சிலர் மட்டும் சொன்னதையும் மீறி, ஷேவ் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாங்களாம். பென் பின்னாளில் கொஞ்சம் கிண்டலாவே இதைப் பதிவு பண்ணியிருக்கார். எனக்கு என்னவோ கிண்டல் பண்ணத் தோணலை. ஏன்னா, அந்த மாதிரி ஒரு கேள்வியை நானே வாங்கியிருக்கேன்.

டிப்ளமோ படிக்கும்போது ‘தொழிலும் மனிதரும்’னு ஒரு அசைன்மென்ட். எங்க தெரு முனையில் டெய்லர் கடை வச்சிருந்த ஒரு அண்ணனை எடுத்தேன். மிஷின் ஊசி, நூல்கண்டு, சுருக்கம் விழுந்த விரல்கள், பக்கவாட்டில் வெயில். முகமே கிடையாது. வகுப்பில் கைத்தட்டல். பெருமையா பிரின்ட் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தாம்மா இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்? மிஷின்தானே இருக்கு?”

நான் பதில் சொல்லலை. இன்ஸ்டாவில் இப்படி எத்தனை படம் பார்க்கிறோம்... சேறு படிஞ்ச கால், காய்ப்புக் காய்ச்ச உள்ளங்கை, கீழே ‘உழைப்பே உயர்வு’னு ஒரு கேப்ஷன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் பேரை யாரும் கேட்டிருக்கமாட்டாங்க. கையை எடுக்கக் கூடாதுன்னு சொல்லலை. முகத்தோடு சேர்த்து எடுங்க. அவருக்கு முகம் காட்ட விருப்பம் இல்லைன்னா, அது வேற விஷயம்.

சரி, போனை எடுங்க. முதல் வேலை, போர்ட்ரெய்ட் மோடை ஆஃப் பண்றது. அது பின்னணியைக் கலங்கடிச்சுடும். நமக்கு இந்தப் படத்தில் பின்னணிதானே பாதிக் கதை? டீ மாஸ்டருக்குப் பின்னாடி இருக்கிற பாய்லரும் கண்ணாடி கிளாஸ் வரிசையும் மங்கிப்போனா, அவர் எங்கேயும் நிற்கிற யாரோதான். ரெண்டாவது, மெயின் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீங்க. போனின் 1x லென்ஸ் அகலமானது. கிட்டப் போனா மூக்கு பெருசாகி, காது பின்னாடி ஓடிடும். ஆறேழு அடி தள்ளி நின்னு 2x-ல் எடுத்தா முகம் முகமா இருக்கும். கடையையும் சேர்த்துக் காட்டணும்னா 1x-லேயே பின்னாடி வந்து, ஆளை ஃபிரேமின் ஓரத்துக்குத் தள்ளாம எடுங்க. ஓரத்தில்தான் இழுபடும்.

வெளிச்சம்தான் முக்கால்வாசி வேலை. நம்ம ஊர்க் கடைகளில் உச்சந்தலைக்கு மேலே ஒரு டியூப்லைட் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழறது அதனால்தான். பகல்னா, அனுமதி கேட்டு அதை அணைச்சுட்டு, கடை வாசலுக்கோ ஜன்னலுக்கோ பக்கவாட்டா அவரைத் திரும்பச் சொல்லுங்க. முகத்தில் விரலை வச்சு ஃபோகஸ் பண்ணி, பக்கத்தில் வர்ற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்க. வெளுத்துப்போன நெற்றி சரியாகிடும். ஹோட்டல் கிச்சன்னா, ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் லென்ஸைத் துடைங்க, ஆவியும் எண்ணெயும் படிஞ்சிருக்கும். வெல்டிங் பட்டறையில் தீப்பொறி அழகா இருக்கும்தான், அதை வெறும் கண்ணால பார்த்துக்கிட்டே எடுக்க ஆசைப்படாதீங்க. ராத்திரி கண்ணு எரிச்சலில் தூக்கம் வராது.

அவர் உட்கார்ந்து வேலை செஞ்சா நீங்களும் உட்காருங்க. செருப்பு தைக்கிறவரை நின்னுக்கிட்டு மேலே இருந்து எடுத்தா, அந்தப் படம் அவரைக் குனிய வச்சே காட்டும்.

இதெல்லாம் பத்து நிமிஷத்தில் கத்துக்கலாம். முகம்தான் கஷ்டம். கேமராவைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைச்சுடுவாங்க. 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசி முடிச்சதும், யூசுஃப் கார்ஷ் அவரைப் படமெடுத்தார். சர்ச்சில் சுருட்டைக் கீழே வைக்கலை. கார்ஷ் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அதை வாயிலிருந்து உருவிட்டு கிளிக் பண்ண, அந்த முறைப்புதான் உலகப் புகழ் பெற்ற படம் ஆச்சு. 2016-ல் வந்த பிரிட்டனின் 5 பவுண்டு நோட்டில் இருக்கிறதும் அதுவே. கேட்க நல்லா இருக்கு, நீங்க ட்ரை பண்ணாதீங்க. அடுத்த நிமிஷமே சர்ச்சில் சிரிக்கிற மாதிரியும் கார்ஷ் ஒரு படம் எடுத்தார், அதைப் பலருக்குத் தெரியாது. எது உண்மையான சர்ச்சில்? எனக்கு ரெண்டும்தான்னு தோணுது.

சாமானைப் பிடுங்குறதைவிட, கையில் கொடுக்கிறதுதான் நமக்குக் கைகொடுக்கும். பழகின கருவி கைக்கு வந்ததும் தோள் தானா இறங்கும். முதல் பத்து நிமிஷம் போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். “இந்தக் கத்தரிக்கோல் எத்தனை வருஷமா இருக்குண்ணே?”னு கேளுங்க. பதில் சொல்லி முடிச்சுட்டு, அடுத்த கேள்விக்காக உங்களை நிமிர்ந்து பார்ப்பார் இல்லையா, அந்த இடைவெளியில் எடுங்க.

பழகின கண் என்ன பண்ணும்னு பார்க்கணும்னா, மதுரைக்காரரான எம்.பழனிகுமார் ‘பாரி’ இணையதளத்தில் எழுதி, படமெடுத்திருக்கிற கட்டுரைகளைப் பாருங்க. தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து பதிவு பண்றவர் அவர். மீன் விற்கிற தன் அம்மாவையும் எடுத்திருக்கார். தெரிஞ்ச ஒருத்தரோட முகத்தை மகன் பார்க்கிற மாதிரியேதான் நாமும் பார்ப்போம், பரிதாபமா பார்க்க மாட்டோம்.

எடுத்த உடனே போஸ்ட் போடாதீங்க. அவர்கிட்ட காட்டுங்க. போடலாமான்னு கேளுங்க. பேரைச் சரியா எழுதத் தெரியுமான்னும் கேட்டுக்கோங்க. வேண்டாம்னா டெலீட், அதில் விவாதமே கிடையாது. ஓகேன்னா ஒரு பிரின்ட் போட்டுக் கொடுங்க, ஒரு டீ காசுதான் கூடக் குறைய ஆகும்.

அந்த டெய்லர் அண்ணனை மறுபடி எடுக்கப் போனேன். “இரும்மா”ன்னு உள்ளே போனவர், தீபாவளிக்கு அவரே தைச்சுக்கிட்ட சந்தன கலர் சட்டையைப் போட்டுக்கிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து மிஷின் முன்னாடி உட்கார்ந்தார். அசைன்மென்ட்டுக்கு அந்தப் படம் சரிப்படாது. அவர் கடைச் சுவரில், சாமி படங்களுக்குக் கீழே அதைத்தான் மாட்டியிருந்தார்.